காயம் சிறியதுதான், முதலில் அந்தக் கிரீமை நிறுத்துங்கள்

கேள்வி: நான் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 41. ஐந்து நாள்களுக்கு முன் தாம்பத்திய உறவின்போது உறுப்பு வழுக்கி வேகமாக இடித்துக்கொண்டது. வலித்தது, ஆனால் விறைப்பு உடனே போய்விடவில்லை. மறுநாள் ஒரு பக்கத்தில் ஐந்து ரேண்ட் நாணய அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. முன்தோலின் ஓரத்திலும் சிறு வெடிப்பு. அப்படி வெடிப்பது இந்த ஆண்டில் முதல் தடவை அல்ல. சிறுநீர் தடையில்லாமல் போகிறது. கிளினிக்குக்குப் போகக் கூச்சமாக இருந்ததால், டர்பன் நகரத்தில் தெருவில் கொடுத்த துண்டுத்தாளைப் பார்த்து ஒருவரிடம் கிரீம் வாங்கிப் பூசினேன். எரிகிறது. "உள்நரம்பு அறுந்துவிட்டது, இன்னும் இரண்டு டப்பா வேண்டும்" என்கிறார் அவர். உண்மையா, டாக்டர்? எப்போது குணமாகும்?

பதில்: நரம்பு எதுவும் அறுந்துவிடவில்லை, தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இடித்த வேகத்தில் தோலுக்கு அடியில் ஒரு சிறு ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டாலும் இதே நீலம்தான் வரும். அது பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்துக்குள் மறையும். நடுவில் நிறம் விதைப்பைப் பக்கம் இறங்கினாலும் கலங்க வேண்டாம். கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வருகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் பயப்படுவது வேறொரு காயத்தை. விறைப்பின்போது ரத்தம் நிரம்பியிருக்கும் தண்டைச் சுற்றி உறுதியான உறை ஒன்று இருக்கிறது. அது கிழிந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், கடும் வலி வரும், விறைப்பு அந்தக் கணமே தளர்ந்துவிடும், உறுப்பு வீங்கிக் கோணிக்கொண்டு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். அப்படியானால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு நாளுக்குள் தைத்துவிட்டால் பெரும்பாலும் கோணலின்றிச் சரியாகிவிடும். சிறுநீர்த் துளையில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், பின்னால் தள்ளிய முன்தோல் முன்னுக்கு வர மறுத்தாலும் அதே அவசரம்தான். உங்களுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கிரீமை இன்றே நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சோப்பும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். காயம் என்றதும் டெட்டாலை எடுப்பது நம் வீடுகளின் தீராத வழக்கம். அந்த மெல்லிய தோலுக்கு அது இன்னொரு காயம். வெடிப்பின் மேல் வாஸ்லின் தடவினால் போதும். ஐஸ் முதல் இரண்டு நாளுக்கு உதவியிருக்கும். ஐந்தாம் நாளில் பயனில்லை. வலித்தால் பனாடோ (பாராசிட்டமால்) சாப்பிடுங்கள். கடையில் கிடைக்கும் கிராண்ட்பா பொடி வேண்டாம். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, ரத்தக்கசிவைக் கூட்டும். தளர்ந்த உள்ளாடையை விட, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை நல்லது. விடியற்காலை விறைப்பு வலிக்கலாம், ஆனால் அதனால் கேடு இல்லை.

நீலம் முழுதும் மறைந்து, வெடிப்பு மூடி, விறைப்பில் வலி இல்லாமல் போகும்வரை உறவு வேண்டாம். இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டதா என்று தினமும் சோதித்துப் பார்ப்பவர்களால்தான் ஆறுகிற காயம் மறுபடி கிழிகிறது. சில மாதம் கழித்துத் தண்டில் கட்டியோ புதிய வளைவோ தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீலம் அல்ல. "முதல் தடவை அல்ல" என்ற அந்த வரி. இடிபட்டால் ஒருமுறை வெடிக்கலாம். முன்தோலின் ஓரம் திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்றால், ரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் விடக்கூடாது. நீரிழிவு உள்ளவருக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். முன்தோலின் ஈரத்தில் பூஞ்சை வளரும். தோல் தடித்து, இறுகி, பின்னால் இழுக்கும்போதெல்லாம் வெடிக்கும். தனக்கு நீரிழிவு இருப்பதை இந்த வெடிப்பின் மூலமே அறிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். டர்பன் இந்தியர்களிடையே இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் பாயசத்தை வேண்டாம் என்பவர்களை எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 7 mmol/L அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் அதன் பெயரையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புதிய மாத்திரைகள் சில உண்டு. அவையும் அந்த இடத்தில் பூஞ்சையைக் கிளப்பும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வராமல் எந்தக் களிம்பு பூசினாலும் வெடிப்பு திரும்பி வரும்.

இனி அந்தக் கிரீம்காரர். வார்விக் சந்திப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கையில் திணிக்கப்படும் அந்தத் தாள்களை நான் அறிவேன். உறுப்பைப் பெரிதாக்குவோம், போன மனைவியைத் திரும்பக் கொண்டுவருவோம், லாட்டரி எண் தருவோம், எல்லாம் ஒரே தாளில், ஒரே தொலைபேசி எண்ணில்! முதல் டப்பா மலிவு. அது எரியும். எரிவதே நோய் உள்ளே இருப்பதற்குச் சான்று என்பார்; அடுத்த டப்பா இரண்டு மடங்கு விலை. மூன்றாவது டப்பா வாங்கத் தயங்கினால் மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலும் வரலாம். மருத்துவர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயர் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் பதிவேட்டில் இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு அந்தக் கிரீம்காரரிடம் போகாதீர்கள். புதிய டப்பாவோடு திரும்புவீர்கள்.

ஆனால் உங்களை அவரிடம் துரத்தியது யார்? கிளினிக் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி "என்ன தொந்தரவு?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடுதான். ஒரு தடுப்புச் சுவருக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அதுவரை ஒரு வழி: "ஆணுறுப்பில் காயம், தனியாகப் பேச வேண்டும்" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சர்க்கரைப் பரிசோதனையை அங்கேயே கேளுங்கள்.

நான் மேலே சொன்ன அவசர நிலைகளில் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்துக்காக அலைய வேண்டாம். நேரே ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவும் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டமும் சொல்கின்றன. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். முன்பணம் கட்டிய பிறகுதான் பார்ப்போம் என்று அங்கே யாராவது சொன்னால், அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யாரும் முன்வரமாட்டார்கள்.

கிரீம் டப்பாவை மட்டும் எறிந்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். இப்படி விற்கப்படும் பூச்சுகளில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. உங்கள் தோலைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.