காய்ச்சல் விட்ட பிறகு எதற்கு டாக்டர்?

கேள்வி: பத்து வயது மகனுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். நான்காம் நாள் விட்டுவிட்டது. டாக்டரோ, மறுநாளும் வந்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். "விட்ட காய்ச்சலுக்கு எதற்குப் பரிசோதனை? எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்கிறார் மாமனார். சாதாரணக் காய்ச்சலுக்கு எப்போதுதான் டாக்டரிடம் போக வேண்டும்?

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசி, பையனை உடனே அழைத்துப் போகச் சொன்னேன். இப்போது நலம் என்கிறீர்கள், நிம்மதி. ஆனால் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இதே பேச்சு இன்னும் எத்தனை வீடுகளில் நடக்கிறதோ என்ற கவலையில்தான் இதை அச்சில் எழுதுகிறேன்.

டாக்டர் சந்தேகப்பட்டது டெங்குவாக இருக்கும். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரத் தொடங்கும். அப்போது சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டிப்படுகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இந்தக் கசிவு ஓரிரு நாள்தான் நீடிக்கும். அந்த ஓரிரு நாளில் கவனித்துத் திரவம் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். கவனிக்காமல் விட்டால், தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் குழந்தைக்கே கை கால் சில்லிட்டுப்போகும். தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டும் எல்லோரும் கேட்கிறோம். இரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹெமட்டோகிரிட் எண்ணையும் டாக்டர் சேர்த்தே பார்க்கிறார். அது ஒவ்வொரு நாளும் மாறும் என்பதால்தான் மறுநாளும் வரச் சொன்னார்.

காய்ச்சல் விட்டாலும் விடாவிட்டாலும் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மூச்சு வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினால் எழாத சோர்வு, காரணமில்லாத அமைதியின்மை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும். மற்றவர்களுக்குச் சளி இருமலோடு வரும் லேசான காய்ச்சலை இரண்டு நாள் வீட்டில் பார்க்கலாம். மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் போய்விடுங்கள்.

மாமனாரின் சந்தேகத்தை முழுக்கத் தள்ள மாட்டேன். முதல் நாள் காய்ச்சலுக்கே ஊசியும் டிரிப்பும் ஏற்றுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே கேளுங்கள் அந்தக் கேள்வியை. செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம். மருந்துக் கடையில் "உடம்புவலிக்கும் சேர்த்து" என்று கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். அளவோடு பாராசிட்டமால் போதும்.

இன்னொன்று, 'லங்கணம் பரம ஔஷதம்' (பட்டினியே மேலான மருந்து) என்று குழந்தையைக் காயப்போடும் வழக்கம். பசி இல்லையென்றால் சோறு வேண்டாம், சரி. தண்ணீரை நிறுத்துவது பெருந்தவறு. கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த முறை போகும்போது மாமனாரையும் அழைத்துச் செல்லுங்கள். ரிப்போர்ட்டில் எந்த எண்ணை எதற்காகப் பார்க்கிறார் என்பதை டாக்டரே அவருக்குச் சொல்லட்டும்.