அப்பாவின் மறதிக்கு 2,400 ரூபாய் கேப்ஸ்யூல் தேவையா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். ஆறு மாதமாக மறதி. சாப்பிட்டதையே மறந்து மறுபடி கேட்கிறார். தெரிந்தவர் ஒருவர் நினைவாற்றல் கேப்ஸ்யூல் கொடுத்தார். 60 கேப்ஸ்யூல் 2,400 ரூபாய், தினம் இரண்டு. எத்தனை மாதம் கொடுக்கலாம்? பலன் இருக்குமா?

பதில்: அந்த டப்பாவை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் ஜின்கோ பிலோபா என்ற மர இலைச் சாறு 60 மில்லிகிராம், பிரம்மிச் சாறு 150 மில்லிகிராம், வைட்டமின் பி12 வெறும் ஒரு மைக்ரோகிராம். ஜின்கோ ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் அந்த வேலையைச் செய்கின்றன. மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஸ்டென்ட் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சரி, பலன்? அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை வைத்து, பாதிப்பேருக்கு ஜின்கோ 120 மில்லிகிராம் தினம் இரு வேளை கொடுத்து, சுமார் ஆறு வருடம் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. பிரம்மி கொஞ்சம் பரவாயில்லை. தினம் 300 மில்லிகிராம், 12 வாரம் என்ற அளவில் நடந்த சிறு ஆய்வுகள் சிலவற்றில், நோயில்லாதவர்களின் நினைவுத் திறன் சற்றுக் கூடியது. மறதி நோயை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். (கம்பம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் வல்லாரையும் பிரம்மியும் ஒன்றல்ல. வல்லாரையை உங்கள் பக்கத்து மலையாளிகள் குடங்கல் என்பார்கள். அவர்கள் பிரம்மி என்பது நீர்ப்பிரம்மியை. கீரையாக வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும்.)

இந்தக் கேப்ஸ்யூலுக்கு வருடத்துக்கு 28,800 ரூபாய். ஏலக்காய் விலை இறங்கும் வருடத்தில் இது எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு உறுத்துவது அந்த 12 வருட மெட்ஃபார்மின்தான். நல்ல மருந்து, ஆனால் நாள்பட்டால் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி வரும், பாதம் எரியும், நடை தள்ளாடும். சில வருடங்களுக்கு முன் வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மாவை மகள் அழைத்து வந்தார். அடுப்பில் உலை வைத்ததையே மறக்கிறார் என்றார். நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல், வழவழவென்று சிவந்திருந்தது. பி12 மிகக் குறைவு. ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதத்தில், போன தடவை நான் என்ன கேட்டேன் என்பதை அவரே எனக்குச் சொன்னார். எல்லாருக்கும் இப்படித் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நாள் கடந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பி12, தைராய்டு இரண்டும் பாருங்கள். சில நூறு ரூபாய்ப் பரிசோதனைகள். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு. அதற்கு மருத்துவர் எழுதுவது 1,000 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். அந்த டப்பாவின் ஒரு மைக்ரோகிராம் எந்த மூலைக்கு? ரத்த அழுத்தமும் காது கேட்பதும் சோதிக்க வேண்டும். கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை இறங்கியும் மனுசர் குழம்புவார். அப்படித் தடுமாறும்போது குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். திடீரென்று வாய் குழறினாலோ ஒரு பக்கம் கை விழுந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோட்டயத்துக்கோ அழைத்துப் போங்கள். போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும், தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவற்றில் சிலவும் மறதியைக் கூட்டும்.