காலைல மட்டும் திரும்பாத கார் சாவி: லாக் செட் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

குன்னூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, அப்பாவோட 2008 மாடல் ஆல்ட்டோ, இப்ப நான்தான் ஓட்டறேன். காலைல ஸ்கூலுக்குக் கிளம்பும்போது சாவி உள்ள போகுது, ஆனா திரும்பவே மாட்டேங்குது, பத்து நிமிஷம் ஆட்டிக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு பிரச்சினையும் இல்ல. வண்டி வீட்டு முன்னாடி சரிவுலதான் நிக்கும். அப்பா ரெண்டு மூணு தடவை தேங்காய் எண்ணெய் விட்டார், அன்னைக்கு நல்லா இருந்துச்சு. கடைல போட்ட டூப்ளிகேட் சாவி இன்னும் மோசம். மெக்கானிக் லாக் செட்டையே மாத்தணும்கறார். மாத்திடலாமா?"

மாத்தாதீங்கம்மா, இப்போதைக்கு. நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு.

முதல்ல அந்தச் சரிவு. சாவியை எடுத்துட்டா ஸ்டியரிங் ராடுல ஒரு இரும்பு முள்ளு போய் உக்காரும், அதான் ஸ்டியரிங் லாக். மேட்டுல நிறுத்தும்போது வீலை ஓரமா ஒடிச்சு வச்சிருப்பீங்க, அது நல்ல பழக்கம்தான், ஆனா வண்டியோட பாரம் வீல் வழியா வந்து அந்த முள்ளை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கும், அப்புறம் சாவி எவ்வளவு புதுசா இருந்தாலும் திரும்பாது. இடது கையால ஸ்டியரிங்கை லேசா ரெண்டு பக்கமும் அசைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் கல்லு மாதிரி நிக்கும், இன்னொரு பக்கம் கொஞ்சூண்டு இடம் கொடுக்கும். இடம் கொடுக்குற பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சாவியை மெதுவா திருப்புங்க. சாவியை மட்டும் முறுக்கினா ஒண்ணு சாவி வளையும், இல்ல பாதி உள்ளயே உடைஞ்சு நிக்கும்.

இப்படி செஞ்சும் பிடிக்குதுன்னா அடுத்து தேங்காய் எண்ணெய். இதைச் சொன்னா அப்பா கோவிச்சுக்குவார், பரவால்ல. தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், உங்க ஊர்ல காலைல சமையல்கட்டு பாட்டில்லயே வெள்ளையா கட்டி நிக்குமே, அதேதான் பூட்டுக்குள்ளயும். உள்ள மெல்லிசா தகடு தகடா வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தலைமுடி கனத்துல ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ள போனதும் சாவிப் பல்லோட உயரத்துக்கு ஏத்த மாதிரி எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்தாதான் சாவி நுழையுற அந்த உருளை சுத்தும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகு மாதிரி ஆகிட்டா ஸ்பிரிங்கால தகட்டை நகத்த முடியாது. எண்ணெய் விட்ட அன்னைக்கு நல்லா இருக்கும், பத்து நாள்ல பழையபடி ஆகும், மறுபடி எண்ணெய் விடுவோம், அழுக்கு இன்னும் கூடும்.

இதுதானான்னு கண்டுபிடிக்க காசு செலவே இல்ல. நாளைக்குக் காலைல ஒரு டம்ளர்ல வெந்நீர் எடுத்துக்கிட்டுப் போங்க, சாவியோட இரும்பை மட்டும் (பிளாஸ்டிக் தலை நனையக் கூடாது) அரை நிமிஷம் முக்கி, நல்லா துடைச்சு, உள்ள விட்டு எடுங்க. மூணு நாலு தடவை இப்படி செஞ்சதும் இளகிடுச்சுன்னா குற்றவாளி எண்ணெய்தான்.

அதுக்கு எலக்ட்ரிக்கல் கடைல கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேன்னு கேட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காததா பாத்து வாங்குங்க. சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், அதனால கதவெல்லாம் திறந்து வச்சு, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டிட்டு, சாவி ஓட்டைல குழாயை வச்சு ஒரு ரெண்டு செகண்ட் அடிங்க. சாவியை விட்டு விட்டு எடுத்து பழைய துணில துடைங்க, கறுப்பா பசை மாதிரி வரும், சாவி சுத்தமா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப செய்யுங்க. நல்லா காஞ்சப்புறம் கிராஃபைட் பவுடர், அதுவும் சாவிப் பல்லுல லேசா தடவி உள்ள விட்டா போதும். பென்சில் முனையை சாவி மேல உரசி விடுற வழியும் அவசரத்துக்கு ஓகேதான். எண்ணெய் இருக்கும்போதே மேல கிராஃபைட் போட்டுடாதீங்க, களிமண் ஆகிடும். டபிள்யூடி 40ங்கற துரு எடுக்குற ஸ்பிரேயை அடிக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, அழுக்கைக் கரைக்கும், சரி, ஆனா அதையே வருஷக்கணக்கா மசகா நம்பாதீங்கங்கறது என் கருத்து.

இனி சாவி. உங்க டூப்ளிகேட் மோசமா இருக்குறது எனக்கு ஆச்சரியமே இல்ல. கடைக்காரர் மிஷின்ல ஒரு பக்கம் உங்க சாவியை மாட்டுவார், மறுபக்கம் புது இரும்பு, இது எப்படி இருக்கோ அப்படியே அது வெட்டும். தேய்ஞ்ச சாவியைக் கொடுத்தா தேய்மானத்தோட சேர்த்து காப்பி வரும், மிஷினோட சின்ன பிசிறும் அதுல சேரும். புதுசா பளபளன்னு இருக்கும், ஆனா பூட்டைப் பொறுத்தவரை அது இன்னும் வயசான சாவி. தேய்மானம் இருக்கான்னு பாக்க இன்னொரு வழி, சாவியை முழுசா உள்ள விட்டு, ஒரு நூல் அளவு வெளிய இழுத்துத் திருப்பிப் பாருங்க. அப்ப திரும்புதுன்னா பல்லு மழுங்கிடுச்சு.

அதனால வண்டி வாங்கும்போது வந்த ரெண்டாவது சாவியைத் தேடுங்க. அது சுத்தம் பண்ணுன பூட்டுல வெண்ணெய் மாதிரி திரும்புச்சுன்னா பூட்டு நல்லாருக்குன்னு அர்த்தம், அதை வச்சுதான் புது சாவி வெட்டணும், வெட்டிட்டு அதை பழையபடி பத்திரமா வச்சுடணும். அது கிடைக்கலன்னா சாவியோட வந்த நம்பர் பொறிச்ச சின்னத் தகடு இருக்கும், அந்த நம்பரும் ஆர்சி புக்கும் இருந்தா ஷோரூம்ல தேய்மானம் இல்லாத சாவிக்கு ஆர்டர் போடலாம். ஒரு விஷயம், மீட்டர்ல சாவி படம் போட்ட லைட் எரிஞ்சு அணையுதுன்னா உங்க சாவித் தலைக்குள்ள சிப் இருக்கு. வெறும் இரும்பை வெட்டிக்கிட்டு வந்தா பூட்டு திரும்பும், இன்ஜின் பிடிக்காது. முன்கூட்டியே கடைல சொல்லிடுங்க.

நல்ல சாவியும் பிடிக்குதுன்னாதான் பூட்டுத் தகடு தேய்ஞ்சிருக்கு. அப்பவும் முழு செட்டு தேவைப்படாது, லாக் வேலை தெரிஞ்சவர் இக்னிஷன் உருளையை மட்டும் கழட்டி உள்ள தகட்டை மாத்திக் கொடுப்பார், கதவுக்கும் அதே சாவி ஓடும்.

ஆனா ரெண்டு விஷயம் நடந்தா இந்தப் பரிசோதனை எல்லாம் வேண்டாம், வண்டியை ஓட்டாம நேரா மெக்கானிக்கிட்ட வேலைக்கு விடுங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு விட்டதும் சாவி தானா பின்னாடி வரலன்னா ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்திக்கிட்டே இருந்து கருகிடும். இன்னொண்ணு, இன்ஜின் ஓடும்போது சாவி உருவிக்கிட்டு வர்றதோ, குலுங்குனா ஆஃப் பக்கம் நழுவுறதோ. மேட்டுப்பாளையம் இறக்கத்துல இன்ஜின் நின்னா பிரேக்குக்கு உதவுற வேக்குவம் ரெண்டு மூணு மிதியில தீந்து பெடல் கல்லா ஆகிடும். 2014ல அமெரிக்கால ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்குல கார்களைத் திரும்பக் கூப்பிட்டது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான், சாவிக்கொத்து பாரத்துலயோ முழங்கால் இடிச்சோ ஸ்விட்ச் நழுவி இன்ஜின் நின்னு ஏர்பேக்கும் வேலை செய்யல, 124 சாவுக்கு இழப்பீடு கொடுத்தாங்க. உங்க சாவிக்கொத்துல வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவி எல்லாம் தொங்குதுன்னா கார் சாவியை இன்னைக்கே தனியா கழட்டிடுங்க, பூட்டோட தேய்மானமும் குறையும்.

அப்பாகிட்ட முதல்ல அந்த ரெண்டாவது சாவி எங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் வண்டியோட பழைய இன்சூரன்ஸ் கவருக்குள்ளதான் கிடக்கும்.