பந்து ஒன்றுதான் இருக்கிறது

வணக்கம் அண்ணா,

ஒஹையோவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. என் மகன் படிக்கும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், இரண்டு வருடம் க்வார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக ஆடிய பையனை, இந்த சீசனில் எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிற வைட் ரிசீவராக மாற்றிவிட்டார்கள். "அணியிலேயே வேகமான ஆள் அவன்தான், ஆயிரம் யார்டு தாண்டுவான் பாருங்கப்பா" என்று மகனும் அவன் நண்பர்களும் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆட்டம் முடிந்துவிட்டது, ஏழே கேட்ச். இப்போது அதே கூட்டம் கோச்சைத் திட்டுகிறது. எனக்கு இந்த ஆட்டம் பாதிதான் புரியும். நீங்கள் ஒருமுறை ப்ராக்ஸ்டன் மில்லர் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவர் கதையும் இதுதானா? பையன் சரியில்லையா, இல்லை நாங்கள்தான் அதிகம் எதிர்பார்த்துவிட்டோமா?

மு.

அன்புள்ள மு.,

மூன்று ஆட்டத்தில் ஏழு கேட்ச் மோசமே இல்லை. மில்லர் ரிசீவராக ஆடிய 2015 சீசனில் 13 ஆட்டங்களில் மொத்தம் 26 கேட்ச்தான். ஆட்டத்துக்கு இரண்டு. அந்தக் கல்லூரிப் பையன் இப்போதைக்கு அவரை முந்தித்தான் போகிறான் என்று மகனிடம் சொல்லுங்கள், நம்பமாட்டான்.

மில்லர் ஒஹையோ ஸ்டேட்டின் க்வார்ட்டர்பேக். 2012, 2013 இரண்டு வருடமும் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சிறந்த ஆஃபென்ஸ் (தாக்குதல்) ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 2014 சீசன் தொடங்கப்போகும் நேரத்தில், ஏற்கெனவே அடிபட்டிருந்த எறிகிற தோள் பயிற்சியில் மறுபடி போய்விட்டது. அந்த வருடம் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்திருக்க, அணி முதலில் ஜே.டி. பாரெட்டை வைத்தும், அவருக்குக் கணுக்கால் உடைந்த பிறகு கார்டேல் ஜோன்ஸை வைத்தும் தேசிய சாம்பியனே ஆகிவிட்டது. இவர் திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி ஒன்று, அதற்கு ஏற்கெனவே இரண்டு பேர், இவருக்கோ தோள் பழையபடி இல்லை. அதனால்தான் ரிசீவர் ஆனார். ஆசைப்பட்டுப் போன இடம் இல்லை அது, ஆனால் ரசிகர்கள் அதைப் பதவி உயர்வு மாதிரிக் கொண்டாடினார்கள்.

அதற்கு ஒரு ராத்திரி காரணம். 2015 செப்டம்பர் 7, வர்ஜீனியா டெக்குக்கு எதிராக சீசனின் முதல் ஆட்டம், திங்கட்கிழமை இரவு, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. மில்லர் 54 யார்டுக்கு ஒரு பந்தைப் பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். அப்புறம் 53 யார்டு ஓடி இன்னொன்று, நடுவில் பம்பரம் மாதிரி ஒரு சுழற்சி, தடுக்க வந்தவர்கள் காற்றைப் பிடித்தார்கள். அந்தச் சுழற்சியை நானே எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சரி, ஆனால் அந்த ஓட்டத்தை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்க பந்தைப் பின்னால் தருவார்களே, அந்த ஸ்னாப் நேராக அவர் கைக்கே வருகிறது. அதாவது, "என்ன ஒரு ரிசீவர்!" என்று எல்லோரும் கூவிய அந்த ஓட்டம் க்வார்ட்டர்பேக் நிற்கிற இடத்திலிருந்து கிளம்பியது, அவர் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அதே ஓட்டம். போதாக்குறைக்கு, ஜேலின் மார்ஷல், டான்ட்ரே வில்சன், கோரி ஸ்மித் என்று பந்தைப் பங்குபோட வேண்டிய மூன்று பேர் அன்றைக்குத் தடையில் இருந்தார்கள். இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? மறுநாளே கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை பற்றிப் பேச்சு.

மிச்சமிருந்த 12 ஆட்டங்களில் அவர் போட்டது இன்னும் இரண்டே டச்டவுன்.

இதில் அவர் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 2012-இல் க்வார்ட்டர்பேக்காக 254 முறை எறிந்தார், 227 முறை பந்தோடு ஓடினார், 12 ஆட்டம். ஆட்டத்துக்கு நாற்பது தடவை ஆட்டத்தின் போக்கு அவர் கையில் இருந்தது. 2015-இல் 26 கேட்ச், 42 ஓட்டம், ஆட்டத்துக்கு ஐந்து தடவை. நாற்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில் காணாமல்போன அந்த முப்பத்தைந்தைத்தான் ரசிகர்கள் தேடுகிறார்கள், கிடைக்காதபோது கோச்சைத் திட்டுகிறார்கள். அந்த அணியில் 1,821 யார்டு ஓடிய எசீகியல் எலியட் இருந்தார், முதல் ரிசீவராக மைக்கேல் தாமஸ் இருந்தார், எறிகிறவர் யார் என்பதே பாரெட்டுக்கும் ஜோன்ஸுக்கும் நடுவில் மாறிக்கொண்டிருந்தது. பந்து ஒன்றுதானே?

அப்புறம், வேகமாக ஓடுவதும் ரிசீவர் வேலையும் ஒன்றில்லை. எதிரில் நிற்கிறவன் முதல் அடியிலேயே மார்பில் கைவைத்துத் தள்ளுவான், அதிலிருந்து நழுவ வேண்டும். குறித்த அடியில் திரும்ப வேண்டும், ஓரடி பிசகினால் பந்து எதிராளி கைக்குப் போகும். தலையைத் திருப்பும்போதே கை தயாராக இருக்க வேண்டும். க்வார்ட்டர்பேக்காக இருந்தவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு, எதிரணி தடுப்பு எப்படி நிற்கிறது என்று அவனுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது காலுக்கு இறங்க நாளாகும்.

ஜூலியன் எடெல்மன் கென்ட் ஸ்டேட்டில் க்வார்ட்டர்பேக். 2009-இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், பேட்ரியட்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில், 232-ஆவது ஆளாக எடுத்தது. முதல் நான்கு சீசனில் மொத்தம் 69 கேட்ச், அதில் 2011-இல் நான்கே நான்கு. ஐந்தாவது வருடம் மட்டும் 105. பிறகு தொழில்முறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் ஆட்டநாயகன் ஆகும் வரை போனார். அவருக்கு அந்த நான்கு வருடம் கிடைத்தது, ஏனென்றால் யாரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. மில்லருக்குக் கல்லூரியில் கிடைத்தது ஒரே சீசன். பிறகு 2016-இல் மூன்றாவது சுற்றில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் எடுத்தது, இரண்டு சீசனில் 34 கேட்சோடு அங்கே முடிந்துபோனது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில், எதிர்பார்த்ததில் தப்பில்லை, அளவுகோல்தான் பழையது. அடுத்த ஆட்டத்தில் மகனோடு உட்காரும்போது பந்தை விட்டுவிட்டு அந்தப் பையனை மட்டும் பாருங்கள். எத்தனை தடவை தனியாக விடுபட்டு நிற்கிறான், பந்து வேறு பக்கம் போகும்போது யாரையாவது மறிக்கிறானா, இல்லை இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்கிறானா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், அந்த ஏழு கேட்சைவிட அதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.