நிக்சனுக்கு முன்பே தொடங்கிய உறவு

கேள்வி: 1972-இல் அதிபர் நிக்சன் பீஜிங் சென்ற பிறகுதான் அமெரிக்கர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே உறவு ஏற்பட்டது என்று படித்தேன். அதற்கு முன் இரு நாட்டு மக்களுக்கும் தொடர்பே இருந்ததில்லையா?

பதில்: நிறையவே இருந்தது. நிக்சனின் பயணம், இருபதாண்டுகளுக்கு மேல் தூதரக உறவின்றிப் பகைத்திருந்த இரண்டு அரசுகள் மீண்டும் நெருங்க முற்பட்ட நிகழ்ச்சி. மக்களின் தொடர்போ அதைவிட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மூத்தது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த மறு ஆண்டே, 1784 பிப்ரவரியில், ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ என்ற வணிகக் கப்பல் அமெரிக்கக் காடுகளில் தோண்டியெடுத்த, மருந்தாகப் பயன்படும் ஜின்செங் வேர்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சீனத் துறைமுக நகரான கான்டனுக்கு (இன்றைய குவாங்சௌ) புறப்பட்டது. மறு ஆண்டு தேயிலையோடும் பீங்கானோடும் திரும்பியது. 1835-இல் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அதே கான்டனில் கண் மருத்துவமனை திறந்தார். 1854-இல் யுங் விங் என்ற சீன இளைஞர் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவருடைய முயற்சியால் 1872 முதல் 120 சீனச் சிறுவர்கள் படிப்பதற்காக அமெரிக்கா அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஜான் தியான்யூ, பின்னாளில் பீஜிங்–ஜாங்ஜியாகோ ரயில் பாதையை அமைத்த பொறியாளர்.

ஆனால் இந்த வரலாற்றின் பெரும்பகுதி படித்தவர்களுடையது அன்று, உழைப்பாளிகளுடையது. அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதையின் மேற்குப் பகுதியை, குவாங்டாங் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து வந்த பல்லாயிரம் சீனர்களே அமைத்தார்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடிமருந்து வைத்துப் பிளந்தார்கள். பனிச்சரிவில் புதைந்து மாண்டவர்களும் உண்டு. வெள்ளையருக்குக் கூலியோடு உணவும் தரப்பட, சீனர்கள் குறைந்த கூலியிலிருந்தே சாப்பாட்டுச் செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1867 ஜூனில் சமக் கூலியும் குறைந்த வேலைநேரமும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகம் உணவுப் பொருள் வருவதை நிறுத்தி ஒரு வாரத்தில் அவர்களைப் பணிய வைத்தது. 1869 மே 10 அன்று பாதை முழுமையடைந்தது. அன்றைய புகழ்பெற்ற ஒளிப்படத்தில் சீனர் முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இது என்னை இன்றும் வருத்துகிறது.

பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1882-இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதையும் சீனர் குடியுரிமை பெறுவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. 1885-இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். 1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் சீனப் பயணிகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் இருப்பவரின் உறவினர்தானா என்று சோதிக்க, ஊரில் உங்கள் வீட்டுக்கு எத்தனை படிகள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பார்கள். உறவினர் சொல்லும் பதிலோடு அது பொருந்தாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காத்திருந்தவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகளை இன்றும் அங்கே காணலாம்.

கேள்வி: அந்தத் தடைச் சட்டம் எப்போது, ஏன் நீக்கப்பட்டது?

பதில்: 1943 டிசம்பரில். ஜப்பானை எதிர்த்த போரில் சீனா அமெரிக்காவின் கூட்டாளியாக இருந்தது. 1942 ஏப்ரலில் டோக்கியோ மீது குண்டு வீசிவிட்டுச் சீனாவில் இறங்கிய அமெரிக்க விமானிகளைச் சேஜியாங் மாகாணத்துக் கிராம மக்கள் மறைத்துக் காப்பாற்றினார்கள். அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை ஊர் ஊராக அழித்தது. அப்படிப்பட்ட மக்களை நுழையாதே என்று சொல்லும் சட்டத்தை ஜப்பான் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டதால், அமெரிக்க அரசுக்கு அது பெரும் சங்கடமாயிற்று. எனவே நீக்கத்துக்குக் காரணம் மனமாற்றத்தைவிடப் போரின் தேவையே என்பது என் கருத்து. ஏனெனில் சட்டம் போன பின்பும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கினார்கள். நாட்டு வாரியான அந்த ஒதுக்கீட்டு முறையைக் கைவிடும் சட்டம் 1965-இல்தான் வந்தது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2011-இலும் 2012-இலும் தீர்மானம் நிறைவேற்றி வருத்தம் தெரிவித்தன.