வேதியியல் மேற்படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

வேதியியல், மூலக்கூறு அறிவியல் துறைகளில் மேற்படிப்பும் ஆய்வும் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சராசரி 5க்கு 4.1. முதுகலை முடித்துவிட்டுத்தான் முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டுமா? – சுவா சூ காங் வாசகர்

வேண்டியதில்லை. இந்தச் சராசரியைத் தக்கவைத்தால் ஹானர்ஸ் டிஸ்டிங்ஷன் கிடைக்கும். அதன் எல்லை 4.00. தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அந்தத் தகுதியோடு நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கை ஆகஸ்டிலும் ஜனவரியிலும் நடக்கும். ஆய்வு உதவித்தொகை பொதுவாக 4 ஆண்டுகளுக்குக் கிடைக்கும்.

பாடவழி முதுகலைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போட வேண்டும், ஆய்வு உதவித்தொகை வராது. முனைவர் பட்டத்துக்கு முன்படியாக மட்டும் அதைச் செய்வது பண விரயம் என்பது எங்கள் கருத்து. ஆனால் போக நினைக்கும் நாட்டைப் பொறுத்துக் கணக்கு மாறும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேர்ப்பார்கள். 5 ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். பிரிட்டனில் 3 முதல் 4 ஆண்டு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் முதுகலைப் பட்டத்தைத்தான் வழக்கமாக எதிர்பார்க்கிறார்கள். ஐரோப்பாதான் உங்கள் கனவு என்றால் முதுகலை தேவைப்படலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்தோ வேலை பார்த்தோ இருக்கக் கூடாது. முதுகலைக்கு ஜெர்மனி போய் அங்கேயே மேரி கியூரி இடம் தேடும் பலர் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போதைக்கு இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள். 4.1க்கும் 4.3க்கும் உள்ள இடைவெளியைவிட, அந்தத் திட்டத்தின் மேற்பார்வையாளர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் பெரியது.

கேள்வி: திருச்சியில் எம்எஸ்சி வேதியியல் முடித்தேன். துவாஸில் ஒரு மருந்து ஆலையில் நான்கு ஆண்டாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வயது 30. முனைவர் பட்டம் படிக்க ஆசை. ஆனால் ஆய்வு அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. – பூன் லே வாசகர்

வயது தடையில்லை. ஆய்வு அனுபவம் இல்லை என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதலில் சிங்கா விருதைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கும் விருது இது. கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் உண்டு, படித்து முடித்தபின் வேலை ஒப்பந்தம் கிடையாது. ஆகஸ்ட் சேர்க்கைக்கு வழக்கமாக டிசம்பர் 1, ஜனவரி சேர்க்கைக்கு ஜூன் 1 கடைசி நாள். தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் இரண்டின் ஆய்வு உதவித்தொகைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் பின்னணிக்கு ஏ*ஸ்டாரின் ஜூரோங் தீவு ஆய்வுக்கூடங்கள் நன்றாகப் பொருந்தும். வினையூக்கம், மருந்து உற்பத்திமுறை வேதியியல் போன்றவை அங்கே நடக்கின்றன. அங்கே ஆய்வு செய்பவர்களும் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிந்துகொண்டு பட்டத்தை அங்கிருந்துதான் பெறுவார்கள். தீவுக்குள் போக அனுமதி அட்டை வேண்டும் என்பது துவாஸ்காரரான உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தேர்வுகளில் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் இரண்டும் 2 ஆண்டு, இந்தியாவின் கேட் (GATE) தேர்வு 3 ஆண்டு, ஜிஆர்இ (GRE) 5 ஆண்டு. இந்தியப் பட்டதாரிகளிடம் ஜிஆர்இக்குப் பதிலாக கேட் மதிப்பெண்ணை ஏற்கும் துறைகளும் உண்டு. ஆனால் கேட் ஆண்டுக்கு ஒரே முறை, பிப்ரவரி வாக்கில் நடக்கும். நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் ஜிஆர்இயே வசதி.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுவது பரிந்துரைக் கடிதத்தில்தான். சிங்காவுக்குக் கல்வித்துறை சார்ந்த இருவர் வேண்டும். ஆலை மேலாளர் மட்டும் போதாது. எம்எஸ்சி திட்டப்பணி வழிகாட்டியை இப்போதே தொடர்புகொள்ளுங்கள். நான்கு ஆண்டில் அவருக்கு உங்கள் முகமே மறந்திருக்கலாம். திட்டப்பணி அறிக்கையின் பிடிஎஃப், மதிப்பெண் பட்டியல், இப்போதைய வேலை பற்றி ஒரு பக்கம் ஆகியவற்றை அனுப்பிவிட்டுக் கேளுங்கள், ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத்தான் படிவத்தில் போட வேண்டும். தனிப்பட்ட ஜிமெயில் முகவரி என்றால் பரிந்துரையின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும்.

அடுத்தது நோக்க அறிக்கை. “எச்பிஎல்சி, ஜிசி கருவிகளை இயக்கிய அனுபவம் உண்டு” என்று, கலவையைப் பிரித்தறியும் கருவிகளின் பெயரை மட்டும் எழுதினால் படிப்பவர் அப்படியே கடந்து போய்விடுவார். ஒரு சிக்கலை எடுத்து விரித்து எழுதுங்கள். காரத்தன்மை உள்ள ஒரு அமீன் சேர்மத்தின் உச்சம் எச்பிஎல்சி வரைபடத்தில் வால் நீண்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். கொலம் (கலவையைப் பிரிக்கும் சிலிக்கா நிரப்பிய குழாய்) பழசாகிவிட்டதா, கரைப்பானா, மாதிரியின் செறிவு அதிகமா என்று ஒவ்வொன்றாக விலக்கினீர்கள். சிலிக்காவில் எஞ்சியிருக்கும் சிலனால் தொகுதிகள் நடுநிலை பிஎச்சில் எதிர்மின்சுமை பெற்று, நேர்மின்சுமையுள்ள அமீனைப் பிடித்து வைக்கின்றன என்று கண்டீர்கள். நகரும் கரைசலின் பிஎச்சை 3 அளவுக்கு இறக்கினால் சிலனால் மின்சுமை இழந்து வால் குறையும் என்பதைச் சோதனையில் காட்டினீர்கள். இப்படி ஒரு பத்தி இருந்தாலே போதும், நீங்கள் காரணம் தேடிப் போகும் ஆள் என்பது தெரிந்துவிடும். ஆய்வு மனம் என்பது அதுதான். ஒரு எச்சரிக்கை: ஆலையின் மருந்துப் பெயரோ, முறையின் துல்லியமான அளவுகளோ அறிக்கையில் வரக் கூடாது. நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் தொடரக்கூடும்.

குடும்பம் இங்கே இருந்தால் கடைசியாக ஒன்று. முழுநேர மாணவராகும்போது வேலை அனுமதியை விட்டு மாணவர் அனுமதிக்கு மாற வேண்டும். மாணவர் அனுமதியை வைத்து மனைவி, பிள்ளைகளுக்குச் சார்ந்திருப்போர் அட்டை எடுக்க முடியாது. இடம் கிடைத்தபின் இதைக் கண்டுபிடித்துத் திண்டாடுவதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: இருபது பேராசிரியர்களுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. – செங்காங் வாசகி

உங்கள் மின்னஞ்சலை இணைத்திருந்தீர்கள், படித்தோம். “மதிப்பிற்குரிய ஐயா / அம்மா” என்று தொடங்கி, எந்தப் பெயருக்கும் பொருந்தும்படி இருக்கிறது. இருபதை ஐந்தாகக் குறையுங்கள்.

அந்த ஐவரையும் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப் பொழுது செலவிட்டால் போதும். தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க், நன்யாங்கின் டிஆர்-என்டியு ஆகிய இணையக் களஞ்சியங்களில் முனைவர் ஆய்வேடுகள் உள்ளன. மேற்பார்வையாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், முதல் கட்டுரை வெளிவந்த ஆண்டுக்கும் ஆய்வேட்டின் ஆண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நன்றியுரைப் பக்கத்தைத் தவறாமல் படியுங்கள். தினமும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் பேராசிரியரா, முனைவர் பட்டம் முடித்துக் குழுவில் வேலை பார்க்கும் முதுமுனைவர் ஆய்வாளரா என்பது அங்கே தெரியும். கற்றுக்கொடுத்த அந்த ஆய்வாளர் போன பிறகு குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் குழுவின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்த்து இடம் தேடுகிறவர்கள் இந்த வேலையைச் செய்வதே இல்லை. நான்கு ஆண்டு உங்களை நடத்தப்போவது தரவரிசை அல்ல, குழுவில் இருக்கும் ஆறேழு பேர்தான்.

பிறகு மின்னஞ்சல். 150 சொற்களுக்குள் இருக்கட்டும். முதல் வரியில் எந்தச் சேர்க்கைக்கு, எந்த உதவித்தொகைக்கு என்று சொல்லுங்கள். அடுத்து, அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி ஒன்று. “உங்கள் அருமையான கட்டுரையைப் படித்து வியந்தேன்” என்பது கேள்வி ஆகாது. “அந்த வினையூக்கி ஐந்தாவது சுழற்சியில் செயல்திறன் இழந்ததற்கு உலோகம் கரைந்து வெளியேறியது காரணமா, துகள்கள் ஒன்றுசேர்ந்தது காரணமா?” என்பது கேள்வி. பிறகு நீங்கள் கையால் செய்த வேலை இரண்டு வரி. இரண்டு பக்கத் தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பிப் பாருங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

கேள்வி: கரிம வேதியியல் தொகுப்பு (மூலக்கூறுகளைப் படிப்படியாக உருவாக்குவது) பிடிக்கும். ஆனால் எதிர்காலம் கணினி வேதியியலுக்குத்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை எடுப்பது? – ஈசூன் வாசகர்

எந்த வகைத் தோல்வியை உங்களால் நாள்தோறும் தாங்க முடியும் என்று பாருங்கள்.

தொகுப்பு வேதியியலில் பத்துப் படிகள் உள்ள ஒரு பாதை. ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காடு விளைச்சல் என்பது நல்ல வேலைதான். ஆனாலும் முடிவில் மிஞ்சுவது ஏறத்தாழ 11 விழுக்காடு. இருபது படி என்றால் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒன்பதாம் படியில் கையில் இருப்பது 40 மில்லிகிராம் என்றால், அதில் ஒரு பிழை நேர்ந்தால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மூன்று வாரம் போய்விடும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் சோதனைக்கு 5 முதல் 10 மில்லிகிராமை 0.6 மில்லிலிட்டர் டியூட்டரேற்ற குளோரோஃபார்மில் கரைத்தால் போதும். கார்பன் என்எம்ஆருக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், அல்லது இரவு முழுக்கக் கருவியை ஓடவிட வேண்டும். அந்தச் சோதனையில் தெரிவது கார்பன்-13 மட்டும், இயற்கையில் அது இருப்பது 1.1 விழுக்காடுதான். நாளின் பெரும்பகுதி வினையில் கழிவதில்லை. பிரித்தெடுப்பதிலும் கொலம் ஓட்டுவதிலும் கரைப்பானை ஆவியாக்குவதிலும் கழியும். அந்த வேலையில் கை ஒன்றிப்போகிறவர்களுக்கு இது சுகம். மற்றவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே கசந்துவிடும்.

கணினி வேதியியலில் தோல்வி கண்ணுக்கே தெரியாது. நிரல் ஓடி முடிந்து அழகான எண் ஒன்று வரும், அது தவறாக இருக்கும். அறை வெப்பநிலையில், வினை நடக்கத் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றல் 1.4 கிலோகலோரி/மோல் மாறினாலே வினைவேகம் பத்து மடங்கு மாறிவிடும். எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும், பரவலாகப் பயன்படும் டிஎஃப்டி முறைகளில் அதைவிடப் பெரிய பிழை சாதாரணம். துல்லியமான கப்பிள்டு கிளஸ்டர் முறைக்குப் போனால், மூலக்கூறின் அளவு இரட்டிப்பானால் கணக்கிடும் நேரம் 128 மடங்காகும், ஏனென்றால் அது ஏழாம் அடுக்கில் வளர்கிறது. எந்த முறையை எங்கே நம்பலாம் என்ற தீர்ப்புதான் இந்தத் துறையின் கைத்திறன். அதற்குக் குவாண்டம் இயக்கவியலும் நேரியல் இயற்கணிதமும் பைத்தானும் வேண்டும். “ஆய்வுக்கூடம் பிடிக்கவில்லை, அதனால் கணினி” என்று வருபவர்கள் கணக்கில் தடுக்கி விழுகிறார்கள்.

எதிர்காலம் பற்றி: 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு புரத வடிவமைப்புக்கு டேவிட் பேக்கருக்கும், புரத வடிவக் கணிப்புக்கு டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. உங்கள் நண்பர்கள் அதைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் கணித்த மூலக்கூறை யாராவது செய்து பார்த்தாக வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான் இப்போது தட்டுப்பாடு. இளநிலையில் இருக்கும்போதே தேசியப் பல்கலைக்கழகத்தில் யூரோப்ஸ், நன்யாங்கில் யுரேகா என்ற ஆய்வுத் திட்டங்களில் ஒரு பருவம் ஒரு பக்கமும், விடுமுறையில் மறுபக்கமும் இருந்து பாருங்கள்.

கேள்வி: மகள் வேதியியல் ஆய்வில் சேரப்போகிறாள். வருடக்கணக்கில் ரசாயனத்தோடு இருந்தால் உடம்புக்கு ஆகுமா? – பிடோக் வாசகி

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஒழுங்கான ஆய்வுக்கூடத்தில் அபாயம் குறைவு; ஒழுங்கில்லாத இடத்தில் அது உண்மையானது. சேர்வதற்கு முன் ஆய்வுக்கூடத்தை நேரில் சுற்றிப் பார்க்கக் கேட்கச் சொல்லுங்கள். புகைப்போக்கிக் கூண்டுக்குள் பாட்டில்கள் நெருக்கி அடுக்கியிருந்தால் காற்றோட்டம் தடைபடும். கண்ணாடிக் கதவு முழுக்கத் தூக்கியே கிடக்கிறதா, கண் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாராவது வேலை செய்கிறார்களா, இரவில் தனியாக வினை செய்ய அனுமதிக்கிறார்களா என்று பார்க்கட்டும்.

கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் ஆபத்து. சாதாரண நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். பட்டால் உடனே கழற்றி எறிய வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், லேடெக்ஸ் கையுறைமேல் சிந்திய சில துளி டைமெத்தில் மெர்க்குரியால் 1997இல் இறந்தார். அவர் அன்றைய விதிகளை மீறவில்லை. கையுறை பற்றிய அறிவுரையே அதன்பின்தான் மாறியது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் கையுறை என்று அதன் பாதுகாப்புத் தரவுத்தாளில் பார்ப்பதை மகள் பழக்கமாக்கிக்கொள்ளட்டும். பிற்பாடு கர்ப்பம் தரித்தால், முதல் வாரங்களிலேயே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரர் நான். முனைவர் பட்ட உதவித்தொகையில் மசே நிதி (மத்திய சேமநிதி) பிடிப்பார்களா? – பொங்கோல் வாசகர்

இல்லை. உதவித்தொகை சம்பளம் அல்ல என்பதால் உங்கள் பங்கும் கிடையாது, முதலாளி பங்கும் கிடையாது. நான்கு ஆண்டு மசே நிதிக் கணக்கில் புதிதாக எதுவும் சேராது. இதற்கிடையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், முன்பணத்தையும் கடன் தகுதியையும் இப்போதே கணக்குப் போடுங்கள். பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தொழில்துறை முதுநிலைத் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே முனைவர் பட்டம் படிக்கும் வழியும் உண்டு. அதில் வருவது சம்பளம், எனவே மசே நிதியும் சேரும். ஆனால் ஆய்வுத் தலைப்பை நிறுவனத்தின் தேவைதான் தீர்மானிக்கும். கட்டுரை வெளியிட அனுமதி எப்போது, யாரிடம் பெற வேண்டும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.