பழைய கடைத்தெரு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் அறுபது, எழுபதுகளில் இருந்த சாப்பாட்டுக் கடைகள், புடவைக் கடைகள், சில்லறைக் கடைகள் எல்லாவற்றையும் ஒரு வீதி வரைபடமாகப் போடப் பார்க்கிறோம். வயதானவர்களிடம் கேட்டால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துவரவில்லை. யாரை நம்புவது? (கல்லடி வாசகர்)

பதில்: அநேகமாக இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். கோட்டைமுனைப் பாலத்தால் இறங்கி வந்தவருக்கு வலது பக்கம் இருந்த கடை, மற்ற முனையிலிருந்து நடந்தவருக்கு இடது பக்கம். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கும்போது தான் எந்தப் பக்கத்தால் வந்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே இடது, வலது என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். "வாவிப் பக்கமா, மற்றப் பக்கமா?" என்று கேளுங்கள். அடுத்து, "உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு முதலில் எந்தக் கடையைத் தாண்டுவீர்கள்?" என்று கேட்டு, அவரை நடக்க வைத்தே கேளுங்கள். கடைகளை வகைவாரியாகக் கேட்டால் பட்டியல்தான் வரும். நடையாகக் கேட்டால் வரிசை வரும். உங்களுக்கு வேண்டியது வரிசை.

இரண்டாவது குழப்பம் பெயரில். பலகையில் ஒரு பெயர், முதலாளியின் பெயர் இன்னொன்று, ஊர் வைத்த பட்டப்பெயர் மூன்றாவது. மூன்று பேரிடம் கேட்டு மூன்று கடை என்று எழுதிவிட்டால், வீதியில் இல்லாத இரண்டு கடைகள் முளைத்துவிடும். எப்போதும் "அதற்கு இரு பக்கத்திலும் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். இரு பக்கமும் பொருந்தினால் ஒரே கடைதான்.

வரைய நீளமான பிறவுன் தாள் போதும். ஓர் அங்குலத்துக்குப் பத்து அடி என்று கணக்கு வைத்தால் 600 அடி வீதி ஐந்தடித் தாளுக்குள் அடங்கும். கோயில், பள்ளிக்கூடம், சந்தி, இன்றைக்கும் நிற்கும் பழைய கட்டடம் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டுக் கடைகளை இடையில் நிரப்புங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலால் எழுதுங்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு பேர் சொன்னால் நீலப் பேனை. பற்றுச்சீட்டோ படமோ கையில் இருந்தால் கறுப்புப் பேனை. பென்சில் எழுத்தை அழிக்க வேண்டாம், தவறென்று தெரிந்தாலும் ஒரு கோடு போட்டு வையுங்கள். பின்னால் வருகிற ஒருவர் அது அடுத்த வீதிக் கடை என்று சொல்லக்கூடும்.

கேள்வி: கடை எந்த வருஷம் மூடியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வருஷத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (அதே வாசகர்)

பதில்: வருஷத்தைக் கேட்காதீர்கள். வருஷம் யாருக்கும் நினைவிருக்காது, நடந்தது நினைவிருக்கும். 1970இல் 50, 100 ரூபா நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த நேரம் கல்லாவில் யார் இருந்தார் என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் சோறு விற்கத் தடை இருந்ததும், பாணுக்கு வரிசையில் நின்றதும் எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள் என்றால் பெரும்பாலும் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு. கடையில் ரூபவாஹினித் தொலைக்காட்சி பார்த்த நினைவு என்றால் 1982க்குப் பிறகுதான்.

இவற்றில் கவனமாக இருக்க வேண்டியது 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. மட்டக்களப்பில் எல்லாமே "சூறாவளியோடு போயிற்று". உண்மையில் பல கடைகள் கூரை மாற்றிக்கொண்டு திரும்பவும் திறந்தன, சில வருஷம் கழித்து வேறு காரணத்துக்காக மூடின. ஆகவே அந்தப் பதில் வந்தால் அங்கேயே நிற்காமல், "சூறாவளிக்குப் பிறகு கூரைக்கு என்ன போட்டார்கள், ஓடா, தகரமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தகரம் என்று சொல்லி, வெயிலில் உள்ளே இருக்க முடியாது என்றும் ஒரு வார்த்தை சேர்த்தால், கடை 78ஐத் தாண்டியிருக்கிறது. போர் மறுபடி மூண்ட 1990ஆம் ஆண்டு ஜூன் மாதமும் இதே மாதிரித்தான், எல்லா மூடலையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

காகிதச் சான்றுக்கு எங்கள் முதல் தெரிவு கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள். கட்டுரைகளை விடுங்கள், கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஊர்க் கடைகளின் விளம்பரம் பெயர், வீதி, கதவிலக்கத்தோடு அங்கேதான் கிடக்கிறது, மலரில் ஆண்டும் இருக்கும். "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இப்படிப் பல மலர்கள் ஏறியிருக்கின்றன. பெரிய வியாபார நிலையம் என்றால் அந்தக் கால இலங்கையின் நிறுவன விபரங்களைத் தொகுத்த பேர்குசன் டிரக்டரியின் பழைய தொகுதிகளையும் பார்க்கலாம். "சிலோன்" என்று அச்சிட்ட பற்றுச்சீட்டு கிடைத்தால் நாட்டின் பெயர் மாறிய 1972க்கு முந்தியது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அச்சடித்த புத்தகம் தீருமட்டும் அதையே கிழித்துக் கொடுத்தவர்கள் உண்டு. கையால் எழுதிய திகதிதான் பேச வேண்டும். பெயர்ப் பலகையில் உள்ள தொலைபேசி எண்ணில் மட்டக்களப்புக் குறியீடான 065க்குப் பிறகு ஏழு இலக்கம் இருந்தால், அந்தப் பலகை 2000க்குப் பிந்தியது.

கேள்வி: அப்பப்பாவின் சில்லறைக் கடைக் கடன் கொப்பி ஒன்று கிடைத்தது. "2 கொ. 1 சு.", "3 இறா.", "½ அந்." என்றெல்லாம் இருக்கிறது. எப்படி வாசிப்பது? (கல்முனை வாசகி)

பதில்: கொ. என்பது கொத்து, சு. என்பது சுண்டு. நான்கு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ இரண்டு இறாத்தல் நிற்கும். இறாத்தல் 16 அவுன்ஸ், இன்றைய கணக்கில் 453.6 கிராம். அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. உங்கள் முதல் வரி அரிசிக்கானது என்றால், ஒன்பது சுண்டு, நாலரை இறாத்தல், சுமார் இரண்டு கிலோ.

கொத்தும் சுண்டும் முகத்தல் அளவை, நிறுத்தல் அல்ல. அரிசிக்குச் சொன்ன இறாத்தல் கணக்கைப் பயறுக்கோ உப்புக்கோ போட்டால் பிழைக்கும். கிலோ, கிராம் கொப்பிக்குள் வரத் தொடங்கும் பக்கத்தைத் தேடி அடையாளம் வையுங்கள். அது எழுபதுகளின் பிற்பகுதியைக் காட்டும். சில கடைகளில் இரண்டும் கலந்து நெடுங்காலம் ஓடியது.

கொப்பியைப் படமெடுத்து எங்கேயாவது போடுவதென்றால் பெயர்களை மறைத்துவிடுங்கள். கடன் வைத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

கேள்வி: பழைய பேக்கரியின் ரோஸ் பாண் மாதிரி வீட்டு அவனில் வருவதில்லை. மேலே மொறுமொறுப்பில்லை, உள்ளே கேக் மாதிரி இருக்கிறது. என்ன பிழை? (ஏறாவூர் வாசகி)

பதில்: பிழை அச்சில் இருக்கலாம். ரோஸ் பாண் அச்சில்லாமல் போறணையின் செங்கல் தரையில் நேரே வேகும் பாண். அந்தக் காலப் போறணைக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வழித்தெடுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் பாண் வைப்பார்கள். சூடு பார்ப்பதற்கு ஒரு சிட்டிகை மாவைத் தரையில் எறிவது வழக்கம். உடனே கறுத்தால் பொறுத்திருக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் சரி.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். கோதுமை மா 500 கிராம், உப்பு 10 கிராம், சீனி 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், தண்ணீர் 300 மில்லிலீற்றர். மாஜரீன், முட்டை, பால்மா எதுவும் வேண்டாம். "உள்ளே கேக் மாதிரி" என்று நீங்கள் சொல்வதற்கு இவைதான் காரணமாக இருக்கும். பன்னிரண்டு நிமிஷம் நன்றாகப் பிசையுங்கள். நம்மூர் வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும், அதற்கு மேல் விட்டால் புளிக்கும். இரண்டாகப் பிரித்து உருட்டி, ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் வைத்து இன்னும் நாற்பது நிமிஷம் மூடி வையுங்கள். தொட்டு நிற்கும் பக்கம் மிருதுவாகவும், மற்ற இடம் பொருக்காகவும் வருவது இதனால்தான்.

தடித்த இரும்புத் தோசைக்கல்லை அவனுக்குள் வைத்து 230 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் காய வையுங்கள். அதன்மேல் பாணை நேரே வையுங்கள். அடித்தட்டில் ஒரு தகரத்தில் கொதிநீர் ஒரு கோப்பை ஊற்றி, பத்து நிமிஷத்தில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். நீராவி போகாமல் இருந்தால் மேல் பொருக்கு தோல் மாதிரி இழுபடும். மொத்தம் 25 முதல் 30 நிமிஷம். அடியைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம் வர வேண்டும்.

வெந்த பாணைச் சூட்டோடு பொலித்தீன் பைக்குள் போட்டால் மொறுமொறுப்பு பத்து நிமிஷம்கூட நிற்காது. கடைக்காரர் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்ததில் அந்த நன்மை இருந்தது, அச்சு மை பாணில் ஒட்டியது வேறு விஷயம். இப்போது வெறுந்தாள் போதும்.

கேள்வி: கடை முன் எடுத்த பழைய படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. எப்படிப் பிரிப்பது? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பிரிக்கவே வேண்டாம். ஈரம் பட்டுப் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு வரும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, 600 டீபீஐயில் ஸ்கேன் பண்ணுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் நிழலான வாசலில் படத்தை வைத்து, பிளாஷ் இல்லாமல், கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படமெடுங்கள், பிரதிபலிப்பு விழாது. பெயர்ப் பலகையைத் தனியாக ஒருமுறை கிட்ட எடுங்கள். அதில் ணை, லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருப்பதை வைத்துக் காலம் கணிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் இங்கே பலகை எழுதியவர்கள் பழைய கொம்பை விடவில்லை. அதைவிடப் படத்தில் நிற்கும் சைக்கிள், கார், சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ் நல்ல சாட்சி.